யோடாவ ஸ்லைடுல போடாதீங்க!

போன வாரம் ஆபீஸ்ல ஒரு பயிற்சி வகுப்பு.

எந்த ஆபீஸ், யாரு நடத்துனாங்கன்னெல்லாம் கேக்காதீங்க. (மாசம் முடிஞ்சா சம்பளம் வரணும்ல.) காலைல ஒன்பதரைக்கே உக்கார வெச்சுட்டாங்க. ரெண்டு பிஸ்கட்டு, ஒரு சின்ன கப் டீ. பதினோரு மணி வாக்குல எனக்குத் தலை தொங்க ஆரம்பிச்ச நேரத்துல ஒரு ஸ்லைடு வந்துச்சு.

பச்சைத் தோலு. நீளக் காது. கையில தடி. நம்ம யோடா!

ஆஹான்னு நிமிந்து உக்காந்தேன். பக்கத்துல கொட்டை எழுத்துல அந்த வசனம். செய், இல்லைன்னா செய்யாதே, முயற்சி பண்றேங்கற பேச்சே இங்க கிடையாதுங்கற அர்த்தத்துல ஒண்ணு வருமே, டி-ஷர்ட்டுலயும் காபி கப்புலயும் பாத்திருப்பீங்க, அதேதான்.

அதைக் காட்டிட்டு அவர் சொல்றாரு: "இனிமே டார்கெட் என்னாச்சுன்னு கேட்டா யாரும் 'ட்ரை பண்றேன் சார்'னு சொல்லக் கூடாது. யோடாவே சொல்லிட்டாரு."

எனக்கு சுர்ருன்னு ஏறுச்சு. டார்கெட் மேல கோபம் இல்லைங்க, அது வருஷா வருஷம் வர்ற வெயில் மாதிரி. யோடாவைக் கொண்டுவந்து வசூல் ஆபீசர் ஆக்கிட்டாங்களேன்னுதான். அந்த வசனத்தைச் சொன்னதுக்கு அப்புறம் அந்தப் படத்துல என்ன நடக்குதுன்னு இந்த மனுஷன் பாத்திருப்பாரா? கை தூக்கிக் கேக்கலாம்னு நினைச்சேன். கேக்கலை. (சம்பளம்.)

வீட்டுக்கு வந்து புலம்புனேன். அக்கா பையன் லீவுக்கு வந்திருக்கான், பத்து வயசு. "யோடா யாரு மாமா? பேபி யோடாவோட அப்பாவா?"ன்னு கேட்டான்.

அவ்ளோதான். அன்னைக்கு ராத்திரியே டிவி முன்னாடி உக்காந்தாச்சு.

இதுல எனக்கு ஒரு பழைய பாவம் இருக்கு, சொல்லிடறேன். நாலு வருஷம் முன்னாடி இவனோட அக்காவுக்கு ஸ்டார் வார்ஸ் காட்டறேன்னு ஆரம்பிச்சேன். எபிசோட் 1-ன்னு போட்டிருக்கு, ஒண்ணுலேருந்துதானே ஆரம்பிக்கணும்? நானும் அப்படியே போட்டேன். தப்பு. மகா தப்பு.

எடுத்த வரிசை வேற, கதை வரிசை வேற. 1977, 1980, 1983-ல வந்த மூணும் 4, 5, 6. அப்புறம் 1999, 2002, 2005-ல வந்ததுதான் 1, 2, 3. அதாவது முன்கதையைப் பின்னாடி எடுத்தாங்க. அந்தப் பொண்ணு பாத்த முதல் யோடா, பெரிய சபையில நாற்காலி போட்டு உக்காந்து தீர்ப்பு சொல்ற யோடா. ரெண்டாவது படத்துல பாத்தது, தடியைத் தூக்கிப் போட்டுட்டு, கிறிஸ்டோபர் லீயோட லேசர் வாள் சண்டை போட்டு ரப்பர் பந்து மாதிரி எகிறிக் குதிக்கற யோடா. இதெல்லாம் பாத்துட்டு எபிசோட் 5-க்கு வந்தா, சேத்துக்குள்ள ஒரு கிழம் தடி ஊனி நடக்குது. "இவருக்கு என்ன ஆச்சு மாமா? முட்டி வலியா?"ன்னு கேட்டா. அதோட எந்திரிச்சுப் போயிட்டா. இன்னிக்கு வரைக்கும் திரும்பி வரலை.

அதனால இந்தத் தடவை உஷாரா 4-லேருந்து ஆரம்பிச்சேன். வாய மூடிக்கிட்டு. யோடா எப்படி இருப்பாருன்னு ஒரு வார்த்தை சொல்லலை. போட்டோ காட்டலை. பேபி யோடான்னு ஒண்ணை அவன் பாத்திருக்கான், அது ஒண்ணும் பண்ண முடியாது. (அதுக்குப் பேரு குரோகு. 2019-ல தி மாண்டலோரியன் தொடர்ல வந்துச்சு. 50 வயசுக் குழந்தை. யோடாவுக்குப் பிள்ளையும் இல்லை, பேரனும் இல்லை, அதே இனம், அவ்ளோதான். அந்த இனத்துக்குப் பேரு என்னன்னு, இந்தக் கதையை உருவாக்குன ஜார்ஜ் லூகாஸ் சொல்லவே இல்லை.)

ரெண்டாம் நாள் எபிசோட் 5. தி எம்பயர் ஸ்டிரைக்ஸ் பேக். அம்மாவும் வந்து உக்காந்தாங்க, கீரை ஆய்ஞ்சுக்கிட்டே.

கதை இதுதான். லூக் ஸ்கைவாக்கர்னு ஒரு பையன். அவனோட முதல் குரு ஓபி-வான் செத்துப் போய் ஆவியா வந்து, டாகோபான்னு ஒரு கிரகத்துக்குப் போ, அங்க யோடான்னு ஒருத்தர் இருக்காரு, எனக்கே சொல்லிக் குடுத்தவரு, அவர்கிட்ட கத்துக்கோங்கறாரு. பையன் போறான். சேறு, பாம்பு, பனிமூட்டம். விண்கலம் சொய்ங்குனு போய்ச் சதுப்புல விழுது. நொந்து போய் உக்காந்து சாப்பாட்டு டப்பாவைத் திறக்கறான்.

பின்னாடி ஒரு குரல். திரும்பிப் பாத்தா ரெண்டடி உசரத்துக்கு ஒரு பிராணி.

அந்தப் பிராணி என்ன பண்ணுது தெரியுமா? பையனோட சாப்பாட்டை எடுத்துக் கடிச்சுப் பாத்துட்டுத் தூன்னு துப்புது. பெட்டிக்குள்ள தலையை விட்டு எல்லாத்தையும் வெளிய வீசுது. ஒரு குட்டி விளக்கை எடுத்து வெச்சுக்கிட்டு இது எனக்குத்தான்னு அடம் பிடிக்குது. ரோபோ ஆர்-டூ ஒரு பக்கம் பிடிச்சு இழுக்க, இது ஒரு பக்கம் இழுக்க, தடியால ரோபோவை நாலு சாத்து சாத்துது. அக்கா பையன் உருண்டு உருண்டு சிரிக்கறான்.

"நான் ஒரு பெரிய போர்வீரரைத் தேடி வந்திருக்கேன், தொந்தரவு பண்ணாதே"ங்கறான் லூக். யாரு யோடாவா, நான் கூட்டிட்டுப் போறேன், முதல்ல சாப்பிடுவோம் வான்னு அது தன்னோட குடிசைக்கு இழுத்துட்டுப் போகுது. லூக் கூரையில தலை இடிச்சுக்கறான். கஞ்சி மாதிரி என்னமோ கொதிக்குது. சாப்பிடு சாப்பிடுங்குது. பையனுக்குப் பொறுமை போயிடுது. நேரத்தை வீணடிக்கறோம், யோடாவைக் காட்டப் போறியா இல்லையான்னு கத்தறான்.

அப்ப அது அந்தப் பக்கம் திரும்பி, மெதுவா, வேற ஒரு குரல்ல, யார்கிட்டயோ பேசுது. இவனுக்கு என்னால சொல்லிக் குடுக்க முடியாது, பொறுமையே இல்லைன்னு.

ஓபி-வானோட குரல் பதில் சொல்லுது.

நான் டிவியைப் பாக்கலை. அக்கா பையன் முகத்தைத்தான் பாத்துட்டு இருந்தேன். சிரிச்சுட்டு இருந்த வாய் அப்படியே நின்னு போச்சு. "மாமா... இதுதான் அவரா?"

நாலு வருஷத்துக்கு முன்னாடி நான் ஒரு பொண்ணுக்கிட்டேருந்து பறிச்சது இந்த ஒரு நிமிஷத்தைத்தான்னு அப்பத்தான் உறைச்சுது.

இதுல அம்மா ஒண்ணு சொன்னாங்க பாருங்க. கீரையிலேருந்து கண்ணை எடுக்காமலே, "இது பீமன் கதைதானடா"ன்னாங்க.

எனக்குப் புரியலை.

"பீமன் பூப் பறிக்கக் காட்டுக்குள்ள போறான். வழியில ஒரு கிழட்டுக் குரங்கு வாலை நீட்டிப் படுத்திருக்கு. நகருன்னு அதட்டறான். வயசாயிடுச்சுப்பா, நீயே வாலைத் தள்ளி வெச்சுட்டுப் போங்குது. அவனால அசைக்கக்கூட முடியலை. அப்புறம்தான தெரியுது அனுமாருன்னு."

இருபது வருஷமா இந்தப் படத்தைப் பாக்கறேன். தோணவே இல்லை எனக்கு!

நான் இணையத்துல தோண்டித் தோண்டிப் படிச்சவன், அம்மாவுக்கு ஒரு தகவலாவது சொல்லணும்ல? "அம்மா, ஒண்ணு தெரியுமா? முதல்ல யோடா வேஷத்துக்கு நிஜமாவே ஒரு குரங்கைத்தான் போட்டுப் பாத்தாங்க"ன்னேன். உண்மைங்க அது. குரங்குக்கு முகமூடி மாட்டி, கையில தடி குடுத்து நடக்க வெச்சுப் பாத்திருக்காங்க. போட்டோவே இருக்கு. சரிப்பட்டு வரலை. (எந்தக் குரங்குதான் முகமூடியை மூஞ்சியில விட்டு வைக்கும்?)

"பாத்தியா"ன்னாங்க அம்மா. அவங்க வாதம் ஜெயிச்சுட்டதா அர்த்தம்.

இந்தப் பாத்திரமே ஒரு அவசரத்துல பொறந்ததுங்க. முதல் படத்துல குருன்னா ஓபி-வான்தான். அலெக் கின்னஸ் நடிச்சாரு, வெள்ளைத் தாடி, கனமான குரல், பாத்தவுடனே கும்பிடத் தோணும். ஆனா படம் தயாராகிட்டு இருக்கும்போதே ஜார்ஜ் லூகாஸ் மனசு மாறி அவரைச் சாகடிச்சுட்டாரு. கின்னஸுக்கு அதுல மனத்தாங்கல். சரி, ரெண்டாவது படத்துல பையனுக்கு யாரு சொல்லித் தருவா? இன்னொரு தாடித் தாத்தாவைக் கொண்டு வந்திருக்கலாம். லூகாஸ் நேர் எதிரா யோசிச்சாரு. லீ பிராக்கெட் எழுதுன முதல் திரைக்கதையில இவருக்குப் பேரு மிஞ்ச். (கெஞ்சுனா மிஞ்சுவாங்கன்னு நம்ம ஊர்ல சொல்றதுக்கும் இவர் பண்ற அழிச்சாட்டியத்துக்கும் பேரு பொருத்தமாத்தான் இருந்திருக்கும்.)

குரங்கு போச்சு, அடுத்து பொம்மை. செஞ்சவரு ஸ்டூவர்ட் ஃப்ரீபார்ன். சூவ்பாக்காவைச் செஞ்சவரும் இவர்தான். 2001: எ ஸ்பேஸ் ஒடிஸி படத்துல வர்ற ஆதிக் குரங்குகளும் இவர் கைவேலை. 2013-ல 98 வயசுல போய்ச் சேந்தாரு. யோடா முகத்துக்கு அவர் யாரை மாதிரியா வெச்சாரு தெரியுமா? கண்ணாடியில தெரிஞ்ச தன் முகத்தையே. கண்ணைச் சுத்தி இருக்கற சுருக்கத்துக்கு மட்டும் ஐன்ஸ்டீன் போட்டோ. பாத்தவுடனே இந்த ஆளுக்கு விஷயம் தெரியும்னு தோணணுமாம்.

இதைப் படிச்சுட்டு எனக்கு ஒரு கிறுக்கு பிடிச்சுது. நாமளும் செஞ்சா என்ன?

அக்கா பையனோட பழைய பச்சை சாக்ஸ் ஒண்ணு. கண்ணுக்கு ரெண்டு சட்டைப் பொத்தான். காதுக்கு அட்டை. கைக்குள்ள மாட்டிப் பாத்தேன். தவளை. சரி, ஐன்ஸ்டீன் சுருக்கம் போடுவோம்னு ஸ்கெட்ச் பேனாவால கண்ணோரம் நாலு கோடு இழுத்தேன். இப்ப தூக்கம் கெட்ட தவளை. காதைக் கொஞ்சம் கீழ இறக்குனேன். நாய்க்குட்டியும் தவளையும் கல்யாணம் பண்ணிக்கிட்டா பொறக்கற ஐட்டம்.

உருவத்தை விடுங்க. கட்டிலுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு, கையை மட்டும் மேல தூக்கி, அக்கா பையனுக்கு ஒரு நாடகம் போட்டேன் பாருங்க. பத்து நிமிஷம் தாங்கலைங்க. தோள்பட்டை கழண்டு போச்சு. பொம்மை எந்தப் பக்கம் பாக்குதுன்னு எனக்குத் தெரியலை. அது பையனைப் பாத்துப் பேசறதா நான் நினைச்சுட்டு இருக்கேன், அது சுவத்துல காலண்டரைப் பாத்து உபதேசம் பண்ணிட்டு இருந்திருக்கு.

ஃபிராங்க் ஆஸ் இதைத்தான் நாள் கணக்கா பண்ணாரு. லூகாஸ் முதல்ல கேட்டது மப்பெட் பொம்மைகளோட அப்பன் ஜிம் ஹென்சனை. ஹென்சன்தான் ஆஸைக் கைகாட்டுனாரு. லண்டன் பக்கத்துல எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவுல டாகோபா சதுப்பு நிலத்தையே உள்ளரங்கத்துல போட்டாங்க. ஆள் உள்ள நிக்கற மாதிரி தரையை உசத்திக் கட்டி, அதுக்குக் கீழ ஆஸ். தலைக்கு மேல கையைத் தூக்கிக்கிட்டு, ஒரு சின்ன டிவித் திரையைப் பாத்துக்கிட்டு. கண்ணை உருட்ட, காதை ஆட்ட, இன்னொரு கையை அசைக்க வேற வேற ஆளுங்க. எல்லாரும் ஒரே மூச்சுல ஒரே ஆளா இருக்கணும். அந்தக் கதிகலக்கற நிமிஷத்துல, அதான் திரும்பிக்கிட்டு குரல் மாறுதே, அங்க யோடாவோட காது லேசா தொங்கும். கவனிச்சுப் பாருங்க. அது ரப்பரு!

மார்க் ஹாமில் பாடு அதை விட. தரைக்குக் கீழ பேசறது மேல சரியா கேக்காது. காதுக்குள்ள ஒரு ஒலிபெருக்கிக் குட்டி வெச்சுக்கிட்டு, ரப்பர் பொம்மையோட கண்ணைப் பாத்து கண்ணு கலங்கணும். ஒரு நாள் எல்லாரும் சோந்து கிடந்தப்ப ஆஸ் யோடாவுக்குப் பதிலா மிஸ் பிக்கியைக் கொண்டாந்து செட்டுல எழுப்பி விட்டாராம். (மிஸ் பிக்கி அந்த மப்பெட் கூட்டத்துப் பன்னிக்குட்டி மகாராணி. அப்ப அதுக்கும் குரல் இவர்தான். ஞானத்துக்கும் அலட்டலுக்கும் ஒரே தொண்டை.)

ஆஸுக்கு ஆஸ்கர் பரிந்துரையாவது கிடைக்கணும்னு லூகாஸ் பாடா பட்டாரு. கிடைக்கலை. பொம்மை ஆட்டறது நடிப்பு இல்லையாம். சாக்ஸை மாட்டிப் பாத்தவன்ங்கற தகுதியில சொல்றேன்: அநியாயம்.

அடுத்த பிரச்சினை, பேச்சு.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான்தான் பக்கத்துல உக்காந்து சொல்லிட்டே வரணும். மத்தவங்க பேசறதைச் சொல்லிட்டேன். யோடாகிட்ட மாட்டுனேன். இவரோட இங்கிலீஷ் தலைகீழ். அவங்க ஊர்ல யாரு, என்ன பண்றாங்க, எதை அப்படிங்கற வரிசையில பேசணும். இவர் 'எதை'யைத் தூக்கி முன்னாடி வெச்சுட்டு, ஆளையும் வினையையும் பின்னாடி வெப்பாரு. இங்கிலீஷ்காரனுக்கு அது விசித்திரமா, பழசா, மந்திரம் மாதிரி கேக்கும்.

அதைத் தமிழ்ல சொன்னேன். "ஒரு போர்வீரரைத் தேடறே நீ."

அம்மா: "ஆமா, தேடறான். அதுக்கென்ன?"

அட, விசித்திரமாவே இல்லையே! நம்ம பேச்சுல வினை கடைசியில வர்றதுதானே வழக்கம். அதுக்கும் பின்னாடி ஆளைப் போட்டாலும் "வந்துட்டான்யா அவன்"னு தெருவுல தினம் கேக்கறோம். யோடா பேசறது நம்ம காதுக்குச் சாதாரணம். சரி, இன்னும் கொஞ்சம் பிரட்டுவோம்னு வினையை முன்னாடி வெச்சேன். "கத்துக்கணும் நீ பொறுமை! அடக்கணும் நீ கோபம்!"

"எந்தக் கட்சிக்காரன்டா இவன்?"ன்னாங்க அம்மா.

உண்மைதான். அப்படியே மேடைப் பேச்சு. துண்டு ஒண்ணுதான் குறைச்சல். அப்புறம் "யான்", "நின்னை"ன்னு போட்டுப் பாத்தேன். புராணப் படத்து நாரதர் ஆயிட்டாரு. கடைசியில வார்த்தை வரிசையை விட்டுட்டு, பல்லு போன ஊர்த் தாத்தா மாதிரி "ம்ம்ம்... ஏன்டா பயலே"ன்னு இழுத்துச் சொன்னேன். அதுதான் எடுபட்டுச்சு.

இதுக்காக ஒவ்வொரு வசனமா நிறுத்தி நிறுத்திப் பாத்ததுல ஒண்ணு கண்டுபிடிச்சேன். 1980 படத்துல யோடா எல்லாத்தையும் தலைகீழாப் பேசலை. நிறைய இடத்துல நேராத்தான் பேசறாரு. என் ஆபீஸ் ஸ்லைடுல போட்ட அந்த வசனமே நேர் வசனம்தான். பின்னாடி வந்த படங்கள்லதான் வாயைத் திறந்தாலே பல்டி. யாரோ "யோடான்னா இப்படித்தான் பேசணும்"னு ஒரு சூத்திரம் போட்டுக் குடுத்த மாதிரி.

அந்தப் பின்னாடி வந்த மூணு படத்து யோடா மேல எனக்கு ஒரு குறை உண்டு. குதிக்கறதைச் சொல்லலை (தியேட்டர்ல விசில் பறந்துச்சு, நானும் அடிச்சேன், மறைக்கலை). அந்தச் சில்மிஷம் போச்சு. அடுத்தவன் டப்பாவைத் திறந்து பாக்கற சில்மிஷம். நாற்காலியில உக்காந்து இருள் சூழ்கிறது, பயம் கோபமாகும், அப்படின்னு பொன்மொழியா உதிர்க்கறாரு. ஒரே ஒரு இடம், குட்டிப் பசங்களுக்கு வகுப்பு எடுக்கறப்ப ஓபி-வான் வந்து ஒரு கிரகத்தைக் காணோம்பாரு. அதைக் கேலி பண்ணிட்டு, கேள்வியைப் பசங்க கிட்ட விட்டுடுவாரு. ஒரு வாண்டு சரியா விடை சொல்லும். அங்க மட்டும் பழைய கிழவன் எட்டிப் பாக்கறான்.

ஆனா ஒண்ணு ஒத்துக்கணும். அந்த மூணு படம் இல்லைன்னா எனக்கு ஸ்லைடு மேல இவ்ளோ கோபம் வந்திருக்காது.

ஏன்னா அதுல யோடா தோக்கறாரு. கொஞ்ச நஞ்சத் தோல்வி இல்லை. பால்படீன்னு ஒருத்தன், இவங்க எதிரிக் கூட்டத்துக்கே தலைவன், 13 வருஷம் நாட்டுத் தலைவரா பக்கத்துலயே இருக்கான். கூட்டத்துல எதிர உக்காந்து பேசறான். யோடாவுக்கு மோப்பம் பிடிக்கலை. ஒன்பது வயசு அனகினைப் பாத்து இவன்கிட்ட பயம் இருக்குன்னு கண்டுபிடிச்ச மனுஷன், நாட்டுத் தலைவனைக் கோட்டை விட்டுட்டாரு.

அதே அனகின் வளந்து, ஒரு நாள் இவர்கிட்ட வர்றான். எனக்கு வேண்டியவங்க சாகற மாதிரி கனவு வருதுங்கறான். ராத்திரி தூக்கம் இல்லை அவனுக்கு. யோடா என்ன சொல்றாரு? எதை இழக்கப் பயப்படறியோ அதை விடப் பழகிக்கோன்னு. தத்துவமா பாத்தா சரிதான். பொண்டாட்டி செத்துடுவாளோன்னு நடுங்கற ஒரு பையன்கிட்ட சொல்ற பேச்சா அது? பால்படீன் பாருங்க, தோள் மேல கை போட்டு, காப்பாத்த வழி இருக்குன்னு ஒரு கதை சொல்றான். பையன் எங்க போவான்? அங்கதான் போனான். டார்த் வேடர் ஆனான்.

அப்புறம் யோடா பால்படீனோட நேருக்கு நேர் மோதி, முடியாம, குழாய்க்குள்ள ஊர்ந்து தப்பிச்சு, நான் தோத்துட்டேன்னு வாய் விட்டுச் சொல்லிட்டு டாகோபாவுக்குப் போறாரு. சேத்துக்குள்ள 22 வருஷம். யாரும் இல்லாம.

அந்த ஆளுதாங்க அந்த வசனத்தைச் சொல்றது!

ஆபீஸ் ஸ்லைடுல இல்லாதது இது. இப்ப அந்தக் காட்சியைப் பாருங்க. சேத்துல முழுகின விண்கலத்தை மனசாலயே தூக்குங்கறாரு. லூக் பெருமூச்சு விட்டு, சரி, முயற்சி பண்றேன்ங்கறான். முடியாதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டவன் சொல்ற "பாக்கலாம்" அது. கல்யாணப் பத்திரிகை குடுக்கறவங்ககிட்ட நாம "பாக்கறேங்க"ன்னு சொல்வோமே, போகப் போறதில்லைன்னு தெரிஞ்சே, அந்த ரகம். அதைத்தான் கிழவர் வெட்டறாரு. உழைக்கறவனைப் பாத்துச் சொன்னது இல்லை.

சொன்னதும் என்ன ஆகுது? தூக்கறான். கொஞ்சம் மேல வருது. முழுகிடுது. தோல்வி! வசனம் சொல்லி ஒரு நிமிஷம்கூட ஆகலை. யோடா மெமோ குடுத்தாரா? இன்க்ரிமென்டை வெட்டுனாரா? தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்துட்டாரு. உருவத்தைப் பாக்காதே, நான் எவ்ளோ சின்னவன் பாருன்னு சொல்லிட்டு, கண்ணை மூடி, கையை நீட்டி, அந்தக் கலத்தைத் தானே தூக்கிக் கரையில வெக்கறாரு.

தானே தூக்கிக் காட்டறாருங்க. எந்த மேனேஜர் தூக்குனாரு சொல்லுங்க?

அதுக்கப்புறமும் பையன் பேச்சைக் கேக்கலை. கூட்டாளிங்க ஆபத்துல இருக்காங்கன்னு பாதிப் படிப்புல கிளம்பறான். போகாதேன்னு இவர் சொல்றாரு, ஆவியா வந்த ஓபி-வானும் சொல்றாரு. போறான். கையை இழந்துட்டு வர்றான். டார்த் வேடர்தான் உன் அப்பன்ங்கறதை வேற இந்த ரெண்டு பெரிசும் அவன்கிட்ட மறைச்சு வெச்சிருந்தது. அடுத்த படத்துல சாகக் கிடக்கும்போதுதான் யோடா ஆமான்னு ஒத்துக்கறாரு, 900 வயசுல. அந்தக் காட்சிக்கு ஒரு காரணம் உண்டு. வேடர் சொன்னது பொய்யின்னே சின்னப் பசங்க நம்பிடுவாங்க, வேற யாராவது உறுதி பண்ணணும்னு ஒரு மனநல நிபுணர் லூகாஸ்கிட்ட சொன்னாராம். பொய் சொல்ல மாட்டாருன்னு குழந்தைங்க யாரை நம்பும்? யோடாவை. அக்கா பையனும் அப்படித்தான். வேடர் சொன்னப்ப "சும்மா சொல்றான்"னான். யோடா சொன்னதும் வாயடைச்சுட்டான்.

2017-ல தி லாஸ்ட் ஜெடாய் வந்துச்சு. ரசிகர்கள்ல பாதிப் பேரு அந்தப் படத்தைத் திட்டித் தீத்தாங்க. மீதி விஷயத்துல சண்டை போட்டுக்கலாம், ஆனா யோடா வர்ற அந்த அஞ்சு நிமிஷத்தை மட்டும் நான் விட்டுக் குடுக்க மாட்டேன். லூக் இப்ப தாத்தா. அவனும் ஒரு சிஷ்யனைக் கோட்டை விட்டுட்டு ஒரு தீவுல ஒளிஞ்சிருக்கான் (வாத்தியாரை உரிச்சு வெச்ச மாதிரி). பழைய சுவடிங்க இருக்கற மரத்தைக் கொளுத்தப் போறேன்னு தீப்பந்தத்தோட வந்து, மனசு வராம நிக்கறான். யோடா ஆவியா வந்து, வானத்துலேருந்து இடியை இறக்கி, தானே கொளுத்திட்டு, கெக்கெக்கேன்னு சிரிக்கறாரு. தடியால மூக்குல ஒரு தட்டு.

அந்தச் சில்மிஷம் திரும்பி வந்துடுச்சு! ஏன்னா மறுபடியும் பொம்மை, அதுக்குள்ள மறுபடியும் ஃபிராங்க் ஆஸோட கை.

அங்க அவர் சொல்றதுதான் ஸ்லைடுல போட வேண்டியது. நீ ஜெயிச்சதை மட்டும் சொல்லிக் குடுக்காதே, தோத்ததையும் சொல்லிக் குடு, அதை விடப் பெரிய வாத்தியார் கிடையாதுன்னு. 37 வருஷம் கழிச்சு அதே வாய், அதே ரப்பர். அவர் மனசு மாறிடுச்சுன்னு நான் நினைக்கலை. முதல் தடவையும் இதைத்தான் சொன்னாரு, சேத்துல நின்னுக்கிட்டு. நாமதான் ஒத்தை வரியைக் கிழிச்சு எடுத்து ஒட்டிக்கிட்டோம்.

சாக்ஸ் யோடா இப்ப ஃபிரிட்ஜ் மேல உக்காந்திருக்காரு. ஒரு பொத்தான் விழுந்துடுச்சு. அம்மா அவரை "அனுமாரு"ன்னுதான் கூப்பிடறாங்க. அக்கா பையனுக்கு 1, 2, 3 இன்னும் காட்டலை.

வீட்டுல வாண்டுங்க இருந்தா நீங்களும் 4-லேருந்து ஆரம்பிங்க. 5-ல அந்தக் கிழம் சாப்பாட்டு டப்பாவுல கை விடும்போது பக்கத்துல உக்காந்துட்டு "இவர்தான்டா யோடா"ன்னு மட்டும் சொல்லித் தொலைச்சுடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.